இவ்வளவுதானா ரப்பர்?

70/90-17. டயரின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் இந்த எண்ணைப் பலர் வாசிப்பதே இல்லை. 70 என்பது அகலம், மில்லிமீட்டரில். 90 உயரம் அல்ல. அகலத்தில் 90 சதவீதம்தான் உயரம், அதாவது 63 மில்லிமீட்டர். 17 ரிம்மின் விட்டம். அது மட்டும் அங்குலம்! பழைய கப்சாய்களில் 2.50-17 என்று எல்லாமே அங்குலமாக இருக்கும்.

கப்சாய் என்ற பெயரே ஹோண்டா 'கப்'போடு சீனச் சொல் ஒட்டிப் பிறந்தது. அந்த ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ பினாங்குக்காரர், மெக்கானிக் வேலையில் தொடங்கியவர். அதனாலோ என்னவோ, மோட்டார் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. என் தம்பிக்குக் கூடுதலாகவே உண்டு.

அவனுக்கு 'சங்குல்' டயர் வேண்டுமாம். மலாயில் சங்குல் என்றால் மண்வெட்டி. அவ்வளவு மெலிசான டயருக்கு அந்தப் பெயர். முன்னும் பின்னும் 60/80-17.

"பிக்-அப் நல்லா வரும்க்கா. மீட்டரும் சும்மா ஏறும்."

இரண்டும் உண்மைதான். சக்கரம் சிறுத்தால் புறப்பாடு சுறுசுறுப்பாகும். முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குக் கேபிள் போகும் வண்டி அவனுடையது. 70/90 ஒரு சுற்றில் ஏறக்குறைய 1752 மில்லிமீட்டர் உருளும். 60/80 உருளுவது 1658தான். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 95ஐக்கூடத் தொட்டிருக்காது. காசு கொடுத்துப் பொய் வேகம் வாங்குகிறான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை, சண்டை வரும்.

என் கவலை வேறு. பத்து கவானில் நைட் ஷிப்ட் அவனுக்கு. 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தில்தான் தினமும் போய் வருகிறான். கடலுக்கு மேல் மட்டும் பதினாறு கிலோமீட்டருக்கு மேல். மழையும் பக்கக் காற்றும் சேர்ந்தால் கார்க்காரர்களே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும் இடம் அது. அங்கே சாலையைப் பிடித்துக்கொள்ள அவனுக்கு இருக்கப்போவது இரண்டு விரல் அகல ரப்பர்.

அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும்: எடைக் குறியீடு. யாரும் பார்க்காத எண். அவன் காட்டிய டயரில் 27. அட்டவணைப்படி அதற்கு 97.5 கிலோ. கழற்றப்போகும் பின் டயரில் 44, அதாவது 160 கிலோ. வண்டி நூறு கிலோவைத் தாண்டும், தம்பி எழுபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை அம்மா அவன் பின்னால் உட்கார்ந்துதான் சவுராஸ்தா சந்தைக்குப் போவார், அவர் அறுபது. மீன் பையை விட்டுவிடுவோம். மொத்தம் 235. அதில் பாதியைப் பின்சக்கரத்தில் வைத்தாலே 117 ஆகிறது. இருவர் உட்கார்ந்தால் பாதிக்கு மேல்தான் பின்னால் விழும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "எல்லாரும்தான் போடுறாங்க லா" என்றான்.

அம்மா கணக்கெல்லாம் பார்க்கவில்லை. கெடாவில் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர். புது டயரைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இவ்வளவுதானாடா ரப்பர்?"

பின்னால் பழையபடி 80/90 போட்டாயிற்று. முன்சக்கரத்துக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. 60/80இலிருந்து 60/90 வரை ஏறி வந்திருக்கிறான்.