பேட்டை ஒளித்து வை, குள்ளச்சி

நியூ ஜெர்சி
ஏப்ரல் கடைசி வாரம்

அடி என் குள்ளச்சி,

"ஹெச்.எம். சாஃப்ட்பால் டீம் போடச் சொல்லிட்டார். ரெண்டு கிளவுஸ், ஒரு பேட், அம்பத்திரெண்டு பிள்ளைங்க. நீ அமெரிக்காவுலதானே இருக்க, வழி சொல்லு" என்று அனுப்பியிருந்தாயே, படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாட்ஸ்அப்பில் தட்டுகிற சமாசாரமா இது? உட்கார்ந்து எழுதினால்தான் ஊர்க்கதையும் சேர்த்து எழுத முடியும்.

முதலில் ஊர்க்கதை. நான் உதவியாளாக இருக்கிற இந்த மிடில் ஸ்கூலில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. இரண்டு உடற்கல்வி டீச்சர்கள். ஒருவர் பெரியவர். இன்னொருத்தி எப்போதும் தொப்பிக்குப் பின்னால் முடியை இழுத்துக் கட்டியிருப்பாள், உனக்காக அவளைக் குதிரைவால் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த இருவரும் பனி உருகி மைதானம் காய்ந்ததும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொள்வார்கள். மதியம் சாப்பிடும்போது வேறு வேறு மேசை. புதிதாக வந்தவர்கள், சாமான் அறைச் சாவி தகராறு என்று நினைப்பார்கள். சண்டை அதுவல்லடி. முதல் வகுப்பில் பிள்ளைகள் கையில் பேட்டைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான்!

பெரியவர் தன் பள்ளிக்கூட நாளில் பேஸ்பால் ஆடியவர். ஏப்ரல் வந்தால் அவருக்கு நரம்பெல்லாம் முறுக்கும். முதல் நாளே வகுப்பை இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒன்பது பேர் என்று முழு ஆட்டம் வைத்துவிடுவார். நடப்பது என்ன? நாற்பது நிமிஷ பீரியடில் உடை மாற்றப் போனது போக மிஞ்சுவது அரை மணி. பன்னிரண்டு வயதுப் பையன் போடுகிற பந்து பிளேட்டுக்குப் பக்கத்திலேயே வராது. அடிக்கிறவன் சும்மா நிற்பான். கேட்ச்சர் பந்தைப் பொறுக்க ஓடிக்கொண்டே இருப்பான். அவுட்ஃபீல்டில் நிற்கிற மூன்று பெண்கள் புல்லில் உட்கார்ந்து மஞ்சள் டான்டிலயன் பூவைப் பறித்து மாலை கட்டுவார்கள். மணி அடித்ததும், "ரொம்ப நல்ல ஆட்டம்" என்பார் பெரியவர். பாதிப் பேர் பந்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள். தொலைக்காட்சியில் பார்க்க அழகான ஆட்டந்தான், இல்லை என்று சொல்லவில்லை. வகுப்பில் அப்படியே வைத்தால் நிற்கக் கற்றுக்கொடுக்கிற ஆட்டமாகிவிடுகிறது.

குதிரைவாலோ பேட்டையெல்லாம் பூட்டி வைத்துவிடுவாள். எறி, பிடி, எறி, பிடி. இதுதான் முதல் வாரம் முழுக்க. நான் அவள் கட்சி. சத்தமாகச் சொல்வதில்லை, பெரியவர்தான் எனக்கு வீட்டு வழியில் லிஃப்ட் கொடுக்கிறவர்.

எறிவதில் என்ன இவ்வளவு என்று நீ கேட்பாய். வலது கையால் எறிகிற பிள்ளை வலது காலையே முன்னால் வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு பந்தைத் தள்ளுகிறதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? உன் வகுப்பிலும் இருக்கும், பெண்பிள்ளைகளில் கூடுதலாகவே இருக்கும். உடனே 'பொண்ணு எறியிற மாதிரி' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். ஐரிஸ் மேரியன் யங் என்ற தத்துவப் பேராசிரியை 1980-ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். சுற்றியிருக்கிற இடத்தை உன்னுடையதாக எடுத்துக்கொள் என்று சின்ன வயதிலிருந்து யாரும் சொல்லாத உடம்பு அப்படித்தான் ஒடுங்கி எறியும் என்கிறாள். கைக்கும் எலும்புக்கும் அதில் குற்றமில்லை.

குதிரைவால் செய்வதைக் கேள். பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துவாள். எறியாத கை இலக்கைக் காட்ட வேண்டும், எறிகிற கை பின்னால் நீள வேண்டும், முழங்கை தோள் உயரத்துக்கு வர வேண்டும். எதிர்க்காலை எடுத்து நீளமாக முன்னால் வைக்க, இடுப்பு முதலில் திரும்பும், அதன் பின்னால் தோள், கடைசியாக மணிக்கட்டு. எறிந்து முடித்த கை எதிர் முழங்கால் பக்கம் வந்து விழ வேண்டும். இலக்கைப் பற்றி முதலில் பேசவே மாட்டாள். "சுவரை உடை" என்பாள், அவ்வளவுதான். குறி பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் பயந்து மறுபடி தள்ள ஆரம்பித்துவிடும். பலமாக எறியச் சொன்னால்தான் காலும் இடுப்பும் தானாக வேலைக்கு வரும். குறி பிறகு வந்து சேரும்.

பிடிப்பதற்கு அவள் முதலில் கிளவுஸே தருவதில்லை. பஞ்சு மாதிரி பந்து, வெறுங்கை. மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேரட்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேரட்டும். தரையில் உருண்டு வந்தால் முழங்காலை மடக்கி நன்றாகக் குனிந்து, கீழே ஒரு கை மேலே ஒரு கை, முதலை வாய் மூடுகிற மாதிரி. ஆகவே உன்னிடம் இரண்டு கிளவுஸ்தான் இருக்கிறதே என்று அழாதே. பழைய சாக்ஸுக்குள் துணியைத் திணித்துத் தைத்தால் ஐம்பது பந்து. அடி பட்டாலும் யாரும் அம்மாவைக் கூட்டி வர மாட்டார்கள்.

சாஃப்ட்பால் ஆட்டமே அப்படித்தான் பிறந்தது, தெரியுமா? 1887 நவம்பரில் சிகாகோவில் ஃபாரகட் படகுக் கிளப்பில் சில ஆண்கள், ஹார்வர்டும் யேலும் ஆடிய அமெரிக்கக் கால்பந்து முடிவுக்காகக் காத்திருந்தார்களாம். யேல் ஜெயித்த செய்தி வந்ததும் குஷியில் ஒருவன் பழைய குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவன் குச்சியால் அடித்தான். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதே கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி, கூரைக்குள்ளேயே ஒரு ஆட்டம் வைத்துவிட்டார். சாஃப்ட்பால் என்ற பெயரெல்லாம் 1926-ல் வந்ததுதான். உங்கள் ஹெச்.எம். சாக்ஸ் பந்தைப் பார்த்து முகம் சுளித்தால் இந்தக் கதையைச் சொல்லு.

இன்னொரு கதை, இது எங்கள் மாநிலத்துக் கதை. 1972-ல் ஹோபோக்கன் ஊரில் மரியா பெப்பே என்ற 12 வயதுப் பெண் லிட்டில் லீக் என்கிற பிள்ளைகள் பேஸ்பால் டீமில் மூன்று ஆட்டம் பந்து போட்டாள். மேலிடத்திலிருந்து, பெண்ணை வைத்திருந்தால் உங்கள் டீமுக்கே அனுமதி போய்விடும் என்று மிரட்டல். வழக்கு நடந்து 1973-ல் அவள் பக்கம் தீர்ப்பு வந்தது, அதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிட்டது. அவளால் 1974-லிருந்து பெண்பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். 2014-ல் மோனே டேவிஸ் என்ற 13 வயதுப் பெண் லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தாளே, அந்தக் கதவு அப்படித் திறந்ததுதான். எறிய வராது என்று எவளாவது உன் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்தால் இந்த இரண்டு பேரையும் சொல்லு.

நம்ம பிள்ளைகள் கூத்தைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. இங்கே வகுப்புக்குப் பாதி இந்தியப் பிள்ளைகள். வீட்டில் கிரிக்கெட். பந்தை அடித்ததும் பேட்டைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், முதல் பேஸ் வந்ததும் பேட்டை நீட்டிக் கோட்டைத் தொடுவார்கள்! பந்து பின்னால் பறந்தால் பவுண்டரி என்று துள்ளுவார்கள், இங்கே அது ஃபவுல். நேராக அடித்துவிட்டு, ஓடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பான் ஒருத்தன். உள்ளே விழுந்தால் ஓடியே ஆக வேண்டும் என்று அவனுக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது. காரில் உட்கார்ந்திருக்கிற அப்பா ஒருவர், "ஸ்ட்ரெயிட் பேட்டுடா!" என்று கத்துவார். ஆனால் வெறுங்கையால் கேட்ச் பிடிப்பதில் இவர்களை அடிக்க ஆளில்லை. பெரியவரே அசந்துபோனார்.

அமெரிக்க அப்பா அம்மாக்கள் வேறு ரகம். ஊர் ஊராகப் போய் ஆடுகிற டீமில் பிள்ளையைச் சேர்த்து, முந்நூறு நானூறு டாலருக்கு பேட் வாங்கிக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளை வகுப்பில் பக்கத்துப் பிள்ளைமேல் குண்டு மாதிரி எறியும். முழங்கை லிகமென்ட் போய் ஆபரேஷன் வரைக்கும் வருகிறது என்பதால், 12 வயதுக்காரன் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் போடக் கூடாது என்று லிட்டில் லீக்கில் சட்டமே இருக்கிறது. நம் கவலை இதற்கு நேர்மாறு.

சரி, பேட்டுக்கு வருவோம். எடுக்கிற அன்றைக்கு உயிர்பயம் வேண்டும். அடித்ததும் பேட்டை வீசிவிட்டு ஓடுவதுதான் பிள்ளைகளின் வழக்கம், பக்கத்தில் நிற்கிறவன் தாடை போய்விடும். குதிரைவால் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹூலா வளையம் போட்டு வைத்திருக்கிறாள். பேட் வளையத்துக்குள் விழாவிட்டால் அவுட். காத்திருக்கிறவர்கள் எட்டத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால். பிட்ச்சரே கிடையாது, ரோட்டில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பின் தலையில் பந்தை வைத்து அடிக்கச் சொல்வாள். முழு ஆட்டமும் இல்லை, ஆறு ஆறு பேராகப் பிரிப்பாள். ஒருத்தி அடித்துவிட்டு பேஸ்களைச் சுற்றி ஓட, எதிரணியில் பந்தை எடுத்தவளுக்குப் பின்னால் மற்ற எல்லாரும் ஓடிவந்து வரிசையாக நின்று கத்த வேண்டும். அதற்குள் எத்தனை பேஸ் தொட்டாளோ அத்தனை புள்ளி. பூப்பறிக்க ஒருத்திக்கும் நேரமில்லை.

சாஃப்ட்பாலில் பேஸுக்கு பேஸ் 60 அடி, பேஸ்பாலில் 90. உன் பிள்ளைகளுக்கு 45 போதும். மைதானத்தில் வேப்பமரம் குறுக்கே நிற்கிறது என்றாயே, அதையே இரண்டாவது பேஸாக வைத்துவிடு.

டீமுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் உன் ஈட்டி எறிகிற பிள்ளைகளைப் பிடி. 2008-ல் இந்தியா முழுக்கத் தேடி, பேஸ்பாலையே பார்த்திராத இரண்டு உத்தரப் பிரதேசத்துப் பையன்களைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்ததே, ரிங்கு சிங், தினேஷ் பட்டேல், இருவரும் ஈட்டிக்காரர்கள். 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாக வந்தது. நம்ம ரஹ்மான் மியூசிக்.

நந்தனத்தில் இருக்கிற நம் உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் ஆரம்பித்த ஹாரி பக் அமெரிக்கர்தான் என்று பெரியவரிடம் சொன்னேன். "அப்போ உங்களுக்கு பேஸ்பால் தெரிஞ்சிருக்கணுமே" என்று என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறார். கபடி சொல்லிக் கொடுக்கட்டுமா என்றேன். அடுத்த மாதம் வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்! அதனால் நீ உடனே கபடிக் கோட்டின் அளவையும் இப்போதைய போனஸ் விதியையும் அனுப்பு. ஹாஸ்டல் வார்டன் மகள் கல்யாணம் என்ன ஆயிற்று, அதையும் எழுது.

உன்
நெட்டை

பின்குறிப்பு: ஹெச்.எம். மனம் இறங்கிப் பணம் கொடுத்தால் பேட் வாங்காதே, கிளவுஸ் வாங்கு. வலதுகைப் பிள்ளைக்கு கிளவுஸ் இடது கையில் ஏறும், இடதுகைப் பிள்ளைக்கு வலது கையில். கடைக்காரர் பேச்சை நம்பாமல் நீயே மாட்டிப் பார்த்து, வலது கையில் ஏறுவது ஒன்றாவது எடு.