கோச்சில் ஏறிக் கோச்சி பார்த்தோம்

யாழ்ப்பாணத்திற் புகையிரதத்தைக் 'கோச்சி' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே, 2019ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இலண்டனில் மகள் வீட்டிலே தங்கியிருந்தபோது, "உங்கள் மூன்று பேருக்கும் கோச்சிலே ஐந்து நாள் உல்லாசப் பிரயாணம் பதிந்துவிட்டேன்" என்று அவள் வந்து சொன்னதும், புகையிரதப் பிரயாணம் என்றே எண்ணி மகிழ்ந்தோம். அந்த நாட்டிற் கோச் என்பது நெடுந்தூரம் ஓடும் சொகுசுப் பஸ்வண்டியாம். அது வேல்ஸ் நாட்டின் வடபகுதிக்குப் போய், நாளுக்கொரு பழைய நீராவிப் புகையிரதத்தில் எங்களை ஏற்றி இறக்கும் என்று விளக்கினாள். கோச்சில் ஏறிப் போய்க் கோச்சி பார்ப்பதா! நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அண்ணர் மாத்திரம் சிரிக்கவில்லை.

அண்ணரைப் பற்றி வாசகர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். 1961ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாவது வயதில், அவர் இலங்கைப் புகையிரதப் பகுதியிற் சேர்ந்தார். எஞ்சின் துடைப்பவராகத் தொடங்கி, கரி அள்ளிப்போடும் பயர்மனாகி, நீராவி எஞ்சின்கள் ஒழிந்து டீசல் எஞ்சின்கள் நிலைத்த காலத்திற் சாரதியும் ஆனார். பயர்மனாயிருந்த நாட்களில் அவர் வேலை முடிந்து காங்கேசன்துறையிலிருந்து சைக்கிளில் வரும்போது, முகத்திலே கண்கள் இரண்டுமே வெள்ளையாயிருக்கும். அம்மா கிணற்றடியிலே சவர்க்காரத்தோடு காத்து நிற்பார்.

1990ஆம் ஆண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டபோது வடபகுதிப் புகையிரத சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. குண்டுவீச்சுக்குத் தப்புவதற்காகப் பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்க வேறு மரம் ஏது? எங்கள் வளவிலிருந்த குழிக்கும் அத்தகைய கட்டைகள் ஏழெட்டுக் கிடைத்தன. அவற்றைத் தோளிற் சுமந்துவந்து, ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, மண்ணிட்டு மூடியவர் அண்ணரே. அந்தக் கட்டைகளின் கீழேதான் நாங்கள் பிள்ளைகளோடு உயிர் பிழைத்துக் கிடந்தோம். அன்று தொடக்கம் அவர் கோச்சியைப் பற்றி வாய் திறந்ததேயில்லை. அடுத்த வருடம் மகனோடு இருக்க இலண்டனுக்குப் போய்விட்டார். 2014ஆம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் திரும்பி வந்த செய்தியைத் தொலைபேசியிற் சொன்னோம். "அது வேற பாதை" என்றார். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரை இந்தப் பிரயாணத்துக்குச் சம்மதிக்கச் செய்தது மகளின் கண்ணீர் அல்ல. கட்டிய பணம் திரும்பக் கிடையாது என்ற செய்தியே. யாழ்ப்பாணத்தவர் எங்கே போனாலும் யாழ்ப்பாணத்தவரே.

பஸ்வண்டியில் நாற்பது பேர். எங்களைத் தவிர மற்றெல்லோரும் வெள்ளைக்காரர். பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தேநீருக்கு நிறுத்துவார்கள். தங்கிய ஊர் லாண்டட்னோ என்னும் கடற்கரைப் பட்டினம். ஹோட்டலில் அவித்த உருளைக்கிழங்கு காலையும் மாலையும் தவறாமல் தரிசனம் தந்தது. எங்கள் இல்லத்தரசியார் கைப்பையிற் கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூள் மூன்றாம் நாளிலே பக்கத்து மேசைக்கும் போய்விட்டது! ஊர்ப்பெயர்களை உச்சரிக்க ஆங்கிலேயரே திணறினர். வேல்ஸ் மொழியில் எல் எழுத்து இரண்டு சேர்ந்து வந்தால், நாக்கின் ஓரத்தாற் காற்றை ஊதிச் சொல்லவேண்டும். ழகரத்தை வைத்துக்கொண்டு உலகத்தாரைத் திணறடிக்கும் நாங்கள் இதைக் குறை சொல்லலாகாது.

இரண்டாம் நாள் ஸ்நோடன் மலை. 1896ஆம் ஆண்டிலே திறந்த பல்சக்கரப் பாதை அது. உச்சியில் முகில் மூடிக் கிடந்தமையால், ஏறினோம், வெண்மையைக் கண்டோம், இறங்கினோம். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் பார்த்த டாலிலின் பாதை ஏழு மைலுக்குச் சற்று அதிகம். கற்பலகை ஏற்றுவதற்காக 1860களில் அமைத்தார்கள். கற்பலகைச் சுரங்கம் மூடுண்டு, பாதையின் உரிமையாளரும் இறந்தபின், அதைக் கைவிட மனமில்லாத சிலர் ஒரு சங்கம் கூட்டி, 1951ஆம் ஆண்டு முதல் சம்பளமின்றித் தாமே ஓட்டத் தொடங்கினார்கள். தொண்டர்களால் இவ்வாறு காப்பாற்றப்பட்ட முதலாவது புகையிரதப் பாதை உலகத்திலேயே இதுதான். அன்று ஓடக்கூடிய நிலையிலிருந்தது டொல்கொக் என்ற ஒரேயொரு எஞ்சின். பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் 'தோமஸ்' என்ற எஞ்சினின் கதைகளை எழுதிய ஓட்ரி பாதிரியாரும் அத்தொண்டர்களில் ஒருவராயிருந்தவர். அண்ணர் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஜன்னலோரத்திற் கண்ணை மூடி இருந்தார். "விளையாட்டுக் கோச்சி" என்பது அன்றைய தினம் அவர் உதிர்த்த ஒரே வார்த்தை.

நாலாம் நாள்தான் ஃபெஸ்டினியோக். போர்த்மாடொக் துறைமுகத்திலிருந்து மலைமேலுள்ள பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்ற சுரங்க ஊருக்குப் பதின்மூன்றரை மைல். எங்கள் நாட்டுத் தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தரை அடி. இங்கே இரண்டடியிலும் அரை அங்குலம் குறைவு. 1836ஆம் ஆண்டில் இப்பாதையைத் திறந்தபோது எஞ்சினே கிடையாது. மலையிலிருந்து கற்பலகை ஏற்றிய பெட்டிகள் தம் பாரத்தாலேயே கடற்கரை வரை உருண்டு வரும். வெற்றுப் பெட்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் செல்லும். இறங்கும்போது அந்தக் குதிரைகளுக்கும் தனியாக ஒரு பெட்டி உண்டு! வைக்கோல் தின்றுகொண்டு கோச்சியில் இறங்கிய குதிரைகளை எண்ணி நாங்கள் சிரித்தோம். 1863இல் நீராவி வந்தது. 1869இல் இரட்டைமுக எஞ்சின் ஒன்று செய்தார்கள். அதன் வலிமையைப் பரிசோதித்தபோது ருஷ்யா முதலான நாடுகளிலிருந்து பொறியியலாளர் வந்து பார்த்துப் போனார்கள். இருபுறமும் புகைபோக்கி, நடுவிலே நெருப்பு. அன்று எங்களை இழுத்ததும் அவ்வகை எஞ்சினே.

கடலை மறித்து 1811இல் முடித்த நீண்ட அணையின்மேல் வண்டி ஊர்ந்து, பின் காட்டினூடே மலை ஏறத் தொடங்கியது. கரிப்புகையின் வாசனை ஜன்னலால் வந்தது. அண்ணர் கண்ணைத் திறந்தார். எஞ்சின் மூச்சிழுக்கும் தாளத்துக்கு அவருடைய வலக்கை விரல்கள் முழந்தாளில் மெல்லத் தட்டுவதை இல்லத்தரசியார் எங்களுக்குச் சாடையாற் காட்டினார்.

தியால்ட் என்ற இடத்தில் பாதை பாம்புபோற் சுருண்டு, தன்னைத்தானே பாலத்தால் தாண்டி மேலேறுகிறது. பிரயாணிகள் எழுந்து நின்று வியந்தார்கள். அண்ணர் முன் ஆசனத்துச் சீமாட்டியிடம் திரும்பி, தெமோதரையிலே எங்கள் நாட்டுப் பாதை வளைந்து வந்து தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தால் நுழைகிறது என்பதைக் கையால் வரைந்து காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். மூன்று நாட்களில் அவர் பேசியது முழுவதையும் கூட்டினாலும் அவ்வளவு வராது.

ரிக்கற் பார்க்க வந்த முதியவர் அப்போது இன்னொன்றைச் சொன்னார். இந்தப் பாதை 1946இல் மூடப்பட்டது. தொண்டர்கள் 1955 முதல் சிறிது சிறிதாக அதைத் திறந்துகொண்டு வரும்போதே, மேற்பகுதியில் மின்சார நிலையத்துக்காக நீர்த்தேக்கம் ஒன்று கட்டி, பழைய பாதையின் ஒரு பகுதியை நீரில் மூழ்கடித்துவிட்டார்கள். தொண்டர்கள் கலையவில்லை. 1965இல் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்து, மலைச்சரிவிலே இரண்டரை மைல் தூரத்துக்குப் புதுப்பாதை வெட்டத் தொடங்கினார்கள். நாங்கள் சுற்றிவந்த சுருள் அவர்கள் வெட்டியது. புதிய சுரங்கமும் குடைந்து, பிளைனாய் வரை வண்டி போய்ச் சேர 1982 ஆயிற்று. "நான் அப்போது மாணவன். சனி ஞாயிறுகளில் வந்து கல் சுமந்தேன்" என்று அந்த முதியவர் தமது கையை விரித்துக் காட்டினார்.

அண்ணர் சிறிது நேரம் வெளியே பார்த்தார். கீழே, பழைய பாதையின் மேடு புல் மூடி ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பழைய பாதை தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது. அப்படியானால் இது எப்படி அதே ரெயில்வே ஆகும்?" என்று கேட்டார். கேள்வியிலே ஒரு கடுமை இருந்தது.

முதியவர் யோசித்தார். "அதே ஊருக்குத்தானே போகிறது?" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போனார்.

பிளைனாயிலே எங்கும் கற்பலகைக் குவியல். மழையில் நனைந்து ஊதா நிறமாய் மின்னும் மலை மலையான கழிவு. (வடமேற்கு வேல்ஸின் இந்தக் கற்பலகை நிலப்பரப்பை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.) அங்கே தேநீர் குடித்துத் திரும்பினோம். இறங்கும் வழியில் அண்ணர் ஒன்றும் பேசவில்லை.

போர்த்மாடொக்கில் வண்டி நின்றதும் அவரைக் காணவில்லை. தேடிப்போனபோது எஞ்சினருகே நின்றார். பயர்மன் வேலை செய்தது சர்வகலாசாலையிற் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, முகமெல்லாம் கரி. அந்த எஞ்சினிற் சாரதி ஒருபுறமும் பயர்மன் மறுபுறமும், நடுவே கொதிகலன் இருக்க, பிரிந்து நின்று வேலை செய்யவேண்டும். அவள் நெருப்பறைக் கதவைத் திறந்து காட்ட, அண்ணர் குனிந்து பார்த்து, தாம் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதையே மறந்தவராய், "பிள்ளை, அந்த மூலையில நெருப்பு வெளிறிப் போச்சு" என்று தமிழிலே சொன்னார்.

மொழி விளங்காவிட்டாலும் நீட்டிய விரல் விளங்கியது. அவள் ஒருகணம் அவரைப் பார்த்தாள். பிறகு சவளை அவர் கையிற் கொடுத்தாள்.

முதல் வீச்சிற் பாதிக் கரி தரையிற் சிந்தியது. அவருக்கு எழுபத்தேழு வயது. தோள்மூட்டில் வாதம் வேறு. "அண்ணை, காணும்" என்றோம். அவர் கேட்கவில்லை. காலைச் சிறிது அகட்டி வைத்து, இடுப்பைத் திருப்பி, இரண்டாம் முறை வீசினார். கரி அந்த மூலையிலேயே போய் விழுந்தது. அவள் கைதட்டினாள். அண்ணர் சவளைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு கைகளாலும் அவளுக்குக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மாலையிற் பஸ்வண்டி லாண்டட்னோவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டைக் கையிற் கரிக்கோடு ஒன்று கிடந்தது. இல்லத்தரசியார் ஈரக் கைக்குட்டையை நீட்டினார், அவர் வாங்கவில்லை. மற்றவர்கள் உறங்கிவிட்டார்கள். நெடுநேரம் கழித்து, முன் ஆசனத்தைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்:

"தம்பி, கோட்டையில இருந்து யாழ்தேவி இப்ப எத்தனை மணிக்கு வெளிக்கிடுது?"

எங்களுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. ஊரிலிருக்கும் மகனுக்குத் தொலைபேசி எடுத்தோம்.