கீழிருந்து பெய்த சாரல்

கடையநல்லூரில் பஸ் ஏறும்போது சாரல் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விடிகாலையில் திருப்பூரில் இறங்கினால் அதே ஆனிக் காற்று, ஆனால் பொட்டு ஈரம் இல்லை! எங்களுக்குச் செங்கோட்டைக் கணவாய் மாதிரி இவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய். காற்று மட்டும் வந்து உடம்பை நடுக்கியது, கூடவே சாயத்தின் நெடி. எனக்குப் பழகிய நெடிதான். எங்கள் தெருவில் லுங்கி நூலுக்குச் சாயம் போட்டால் வாறுகால் ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் பச்சையாக. அது குடத்துக் கணக்கு. இங்கே தொட்டி தொட்டியாக!

நண்பர் கூட்டிப்போன சாயப்பட்டறையில் ஒரு தொட்டி நிறையக் கருநீலத் தண்ணீர். உள்ளே வரிசையாக இரும்புத் தகடுகள்.

“தொட்டுறாதீங்கண்ணா, கரண்ட் ஓடும்” என்றபடி ஆப்பரேட்டர் சுவிட்சைப் போட்டார்.

அடடா! தகடுகளுக்கு நடுவிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. குற்றாலத்துச் சாரல் கீழிருந்து மேலே பெய்தால் இப்படித்தான் இருக்கும். நேர்மின் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்த இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரண்டு சாயத்தைப் பற்றிக்கொள்கிறது. எதிர்மின் தகட்டில் பிறக்கும் ஹைட்ரஜன் குமிழிகள் அந்தத் திரளில் ஒரு பங்கை நுரையாக மேலே தூக்க, மிச்சம் கசடாக அடியில் படிகிறது. ஒரு குவளையில் மொண்டு வைத்தார். கண்ணெதிரே நீலம் இறங்கி, மேல்தண்ணீர் தெளிந்தது! ஒரு இரும்புத் தகடு தன்னையே கரைத்துத் தண்ணீரைத் தெளிய வைப்பதைப் பார்த்துப் பேச்சே வரவில்லை.

“குடிக்கலாமா?”

“ஐயோ, அத்தனையும் உப்புங்கண்ணா!”

துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு அப்படியே கிடக்கிறது. மின்சாரம் தடையின்றி ஓட உதவியதும் அதுதான், நொய்யல் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததும் அதுதான். அதைப் பிரிக்க ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று இன்னும் பெரிய செலவு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்பதே இங்கே நிபந்தனை.

சாயங்காலம் ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனோம். 1992-இல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி, சாயக்கழிவு தேங்கிப்போன அணை. எங்கள் கருப்பாநதி அணையில் என்றால் இறங்கியதும் அள்ளி முகம் கழுவியிருப்பேன். இங்கே கரையிலேயே நின்றுவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டேன்.

“வெள்ளியங்கிரி மலைங்க” என்று மேற்கே கை நீட்டினார். “அங்க போனீங்கன்னா அள்ளிக் குடிக்கலாமுங்க.”