சுவரில் தலைகீழாக ஒரு கோபுரம்

கேமராவின் பாலபாடம் ஹம்பியில் கல்லிலேயே இருக்கிறது

கர்நாடகத்தில் ஹொசபேட்டேயிலிருந்து 13 கி.மீ. போனால் ஹம்பி. அங்கே விருபாக்ஷர் கோயில் கருவறைக்குப் பின்னால் இருட்டான அறை ஒன்று இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் வருபவர்கள் எளிதில் தவறவிட்டுவிடுவார்கள். அறையின் ஒரு சுவரில் சிறு துளை. எதிர்ச்சுவரில், சுமார் 50 மீட்டர் உயரமுள்ள ஒன்பது நிலைக் கிழக்குக் கோபுரம் கலசம் கீழேயும் வாசல் மேலேயுமாகத் தொங்குகிறது.

நிழல் என்கிறார்கள். உண்மையில் அது பிம்பம். ஒளி நேர்கோட்டில் செல்வதால் கோபுர உச்சியின் ஒளி துளை வழியே சுவரின் அடிக்கும், அடிவாரத்தின் ஒளி மேலேயும் போய்ச் சேர்கிறது. இந்த அறைதான் கேமரா, துளைதான் அப்பர்ச்சர்.

துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும். ஆனால் கோபுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுவரில் ஒரு திட்டாகப் பரவி, பிம்பம் கலைந்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் லென்ஸ். பெரிய துளையில் நுழையும் ஒளியை வளைத்து மீண்டும் ஒரே புள்ளியில் சேர்க்கிறது. ஆனால் ஒரு தூரத்தில் உள்ள பொருளுக்கு மட்டுமே அது கச்சிதமாக அமையும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை மங்கும். துளையைச் சுருக்கச் சுருக்க மங்கல் குறையும், வெளிச்சமும் குறையும்.

புதியவர்களைக் குழப்புவது எண்கள்தான். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16: எண் கூடக்கூடத் துளை சிறுக்கிறது. காரணம் எளிது. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே இந்த எண். 50 மி.மீ. லென்ஸில் 2 என்றால் துளை 25 மி.மீ.; 16 என்றால் 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகிறது.

பழகிப் பார்க்க விட்டலர் கோயில் நல்ல இடம். கல் ரதத்தின் முன் நிற்கும் தோழியின் முகம் மட்டும் துலங்க வேண்டுமானால் 2.8. ரதமும் பின்னால் உள்ள மண்டபமும் சேர்ந்து துலங்க 8 அல்லது 11. அகலக்கோண லென்ஸோடு நெருங்கினால் ரதம் பிரம்மாண்டமாகி மண்டபம் சிறுத்துப் போகும், 100 மி.மீ. லென்ஸோடு தள்ளி நின்றால் மண்டபம் ரதத்தின் முதுகோடு வந்து ஒட்டிக்கொள்ளும். மாலை மங்கியபின் 11இல் எடுக்க ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். கை நடுங்கினால் படம் கெடும். முக்காலிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி தேவை. அது இல்லாதவர்கள் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்ட வேண்டியதுதான்.

இங்கே கேமரா வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1856இல் சென்னை ராணுவத்தின் அதிகாரி அலெக்ஸாண்டர் கிரீன்லா, மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் இந்த இடிபாடுகளைப் பதிவு செய்தார். 1983இல் ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் ஜான் காலிங்ஸ் அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நூற்றாண்டுச் சேதாரம் தெரிகிறது. கிரீன்லாவின் படத்தில் கல் ரதத்தின் மேல் செங்கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. இன்று ரதத்தைப் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. 2017இல் வெளியான 50 ரூபாய் நோட்டில் உள்ள ரதத்திலும் அது இல்லை. அந்தக் கோபுரம் காகிதத்தில்தான் மிஞ்சியிருக்கிறது.