குதிரைகள் ஓடிய இடத்தில் போர் விமானங்கள்!

கொழும்பில் 'ரேஸ்கோர்ஸ்' என்றால் இன்று எல்லோருக்கும் ஷாப்பிங்தான். கறுவாத்தோட்டத்தில், குதிரைப் பந்தயத்துக்காகக் கட்டிய நீளமான பார்வையாளர் மாடம் அது. இப்போது அதன் கீழே துணிக்கடை, காபிக்கடை. எதிரே ரக்பி மைதானம். ஒரு கல்யாணத்துக்காக கொழும்பு போன நான், கடைகளைப் பார்க்கப் போகவில்லை. 1942-ல் அது போர் விமானதளமாக இருந்தது என்று படித்ததால் போனேன்.

சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த பிறகு, அடுத்து இலங்கைதான் என்று பிரிட்டிஷ்காரர்கள் பயந்தார்கள். பந்தய மைதானத்தின் குறுக்கே அவசரமாக ஓடுதளம் போட்டு, 'ஹரிக்கேன்' விமானங்களை நிறுத்தினார்கள். ஊருக்குத் தெரிந்த விமானதளம் இரத்மலானை. ரேஸ்கோர்ஸில் விமானம் இருப்பது ஜப்பானியர்களுக்குத் தெரியாது.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. கடலிலிருந்த விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து சுமார் 125 விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. ரேஸ்கோர்ஸிலிருந்து 14 ஹரிக்கேன்கள் எழும்பின. அவற்றில் 9 பறிபோயின. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள்தான். அவர்கள் ஓடி ஏறிய இடத்தில் நின்று ஐஸ்காபி குடிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்து மெட்ராஸ் என்று ஊரே காலியானது. மிருகக்காட்சிசாலையிலிருந்த சிங்கம், புலிகளைக்கூட, தப்பி ஊருக்குள் வந்துவிடும் என்று சுட்டுவிட்டார்கள். இரண்டு வயது என் பாட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொள்ளுப்பாட்டி கும்பகோணத்துக்கு ரயில் ஏறியதும் அந்த வாரம்தான். உட்கார இடமில்லாமல் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே போனாராம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'குண்டுக்கு ஓடின வருஷம்'.

வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் தமிழர். "இங்கே ஏர்போர்ட் இருந்துச்சாமே அண்ணே?" என்று கேட்டேன்.

"எயார்போர்ட்டோ? அது இரத்மலானையில தங்கச்சி. இங்கயிருந்து பஸ் எடுக்கலாம்" என்றார். 1942-ல் ஜப்பானியர்கள் நினைத்ததும் அதைத்தான்!

1950-களில் பந்தயம் நின்றுபோய், கட்டடம் பல காலம் பாழாய்க் கிடந்தது. 2012-ல்தான் புதுப்பித்துத் திறந்தார்கள். கடைகளாக்கிவிட்டார்களே என்று சிலர் வருத்தப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடகை வருவதால்தான் கூரைக்குப் பெயின்ட் விழுகிறது. ஓடுதளத்தால் யாருக்கும் வருமானமில்லை. அது போய்விட்டது.

பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் மாடத்தின் போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கட்டடம் சரி, பிளேன் ஓடின இடம் எங்கேடி?"

ரக்பி மைதானத்தை வீடியோ காலில் காட்டினேன். பள்ளிக்கூடப் பையன்கள் பந்தோடு விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன இடத்துலயா ஏறினாங்க?" என்றார்.