மலைநாட்டுக் கிணறும் காற்றின் பாரமும்

லயத்துப் பீலியில் வரிசை நின்று நீர் பிடித்த தலைமுறையின் பிள்ளைகள், ஏழு பேர்ச் காணியில் தனிவீடு எழுப்பிப் பின்புறத்தே கிணறும் தோண்டி அதற்கொரு மோட்டரையும் பூட்டியபின், ஆடி மழையில் ஒழுங்காக இறைத்த அந்த யந்திரம் மாசி வறட்சியில் வெறுமனே சுழல்வதைக் கண்டு, பழுதை அதன்மேல் சுமத்துவது ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் சகஜமாயிற்று.

உண்மையில் மோட்டர் நீரை இழுப்பதில்லை. குழாயினுள் அது அழுத்தத்தைக் குறைக்க, வெளியிலுள்ள வாயுமண்டலமே தன் பாரத்தினால் கிணற்று நீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அப்பாரம் ஏறத்தாழ 34 அடி நீரைத் தாங்கும். 6,000 அடி உயரத்து நுவரெலியாவிலோ சுமார் 27 அடிதான். அதிலும் உராய்வும் கசிவும் போக 20 அடி கிடைத்தால் பாக்கியம். 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பிரான்சின் புய் டி டோம் மலைமீது இரசக் குழாயுடன் ஏறி, உயரத்தில் இரசம் தாழக் கண்டதும் இதே நியமத்தால்தான்.

ஆகவே நீர்மட்டம் இறங்கும் காலத்தில் குதிரைவலு கூடிய மோட்டரை வாங்குவது (கடைக்காரருக்கு அதில் ஆட்சேபமிராது) வீண் விரயம். கிணற்றின் உட்சுவரில் தட்டமைத்து இருக்கும் மோட்டரையே நீருக்கு அருகே இறக்குவதும், புட்வால்வில் சிக்கிய மணலையும் சருகையும் அகற்றுவதும், குழாய் நிறைய நீர் ஊற்றிக் காற்றைப் போக்கிய பின்னரே ஆளியைப் போடுவதும் உசிதம். நீரின்றி ஓடினால் உள்ளிருக்கும் சீல் கருகிவிடும். கிணறு மிக ஆழமாயின், நீருக்குள் அமிழ்ந்து கீழிருந்தே தள்ளும் மோட்டர்தான் கதி. அதற்கு மலையின் உயரம் ஒரு பொருட்டன்று.