ஊரார் வரும்போது தில்லியைக் காட்டும் முறை

ஆர்.கே.புரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வருவன இரண்டு. ஒன்று மார்கழிக் குளிர். மற்றொன்று ஊரிலிருந்து உறவினர். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளுடன் தமக்கையார் வருவார். ஓய்வு பெற்ற தந்தையார், தில்லியை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டுமென்று தாயாரையும் அழைத்துக்கொண்டு வருவார். சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். இரயிலில் இரண்டு இரவுப் பயணம். தங்குவதோ மூன்று அல்லது நான்கு நாள். அந்த நாள்களில் அவர்கள் கண்டு செல்வது செங்கோட்டையையா, செங்கோட்டை வாயிலில் நீண்டு நின்ற வரிசையையா என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

முழங்கால் வலியோடு வரும் முதியவர்க்கு இப்பயணம் மீண்டும் வாய்ப்பது அரிது. ஆதலின், அவரை எங்கே அழைத்துச் செல்வது என்பதற்கு முன், எந்த நாளில், எந்த வேளையில் அழைத்துச் செல்வது என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

கூட்டத்துக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. டிசம்பர் 25-ஆம் நாளிலிருந்து புத்தாண்டு வரையில் நாடெங்கும் விடுமுறை. எல்லா ஊராரும் ஒரே வேளையில் புறப்படுவர். அக்காலத்தில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். இரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். விடியற்காலையில் தாஜ்மகாலின் முன்னே நின்றாலும் வெண்பனியைத் தவிர வேறொன்றும் தெரியாது போகலாம். ஜனவரி 26-ஐ ஒட்டிச் செங்கோட்டை சில நாள் மூடப்படும். அணிவகுப்பு ஒத்திகைக்காகச் சாலைகளும் அடைபடும். ஆகஸ்டு 15-க்கு முன்னரும் கோட்டைக்குள் செல்ல இயலாது. நவம்பர் 14 முதல் 27 வரை பிரகதி மைதானத்தில் வணிகக் கண்காட்சி நடைபெறும். ஏப்ரல் 18, உலக மரபுச் சின்னங்களின் நாள். அன்று தொல்லியல் துறையின் சின்னங்களைக் கட்டணமின்றிக் காண விடுவதுண்டு. சீட்டுக்குச் செலவில்லாத அந்நாளில் நெருக்கடிக்குக் குறைவிராது. இவையெல்லாம் நீங்கிய பிப்ரவரிப் பிற்பகுதியும் மார்ச்சு முற்பகுதியும் முதியோரை வரவழைக்க ஏற்ற காலம். குளிரும் தணிந்திருக்கும், வெயிலும் ஏறியிராது.

பள்ளிப் பிள்ளைகளோடு வருவோர்க்கு அம்மாதங்கள் ஒத்துவாரா என்பது உண்மையே. மாதத்தைத் தேர்ந்துகொள்ள முடியாதவர்கள் கிழமையைத் தேர்ந்துகொள்ளலாம். கிழமையும் வாய்க்காதவர்கள் வேளையைத் தேர்ந்துகொள்ளலாம்.

கிழமைகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். செங்கோட்டைக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தாமரைக் கோயிலும் அட்சர்தாமும் அன்று திறப்பதில்லை. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடப்படும். அதனால்தான் 2016-இல் தொடங்கிய கதிமான் விரைவு வண்டியும் வெள்ளியன்று ஆக்ராவுக்கு ஓடுவதில்லை. குதுப்மினாரும் உமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையோ தில்லி மக்களுக்கே உலாவும் நாள்.

இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஓர் இக்கட்டு நேர்கிறது. நம்மில் பலர் அரசு ஊழியர். சனியும் ஞாயிறுமே ஓய்வு. விருந்தினரை அவ்விரு நாளில் அழைத்துச் சென்று கடமையை முடித்துவிடலாம் என்று தோன்றும். அதே எண்ணம் தில்லி முழுவதற்கும் தோன்றுவதால், கூட்டத்தில் தள்ளுண்டு இரு சாராரும் களைத்துத் திரும்புகின்றனர். மைய அரசு ஊழியர்க்கு ஆண்டுக்குத் தற்செயல் விடுப்பு 8 நாளே. அவற்றுள் இரண்டைப் பெற்றோருக்காக ஒதுக்குவது எளிதன்றுதான். எனினும், செவ்வாயும் புதனுமாக எடுக்கும் இரண்டு நாள் விடுப்பு, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைவிட அவர்களுக்கு மிகுதியாகப் பயன்படும்.

எடுத்துக்காட்டாக, விருந்தினர் திங்கட்கிழமை காலையில் வந்திறங்குவதாகக் கொள்வோம். அன்று மூடியிருக்கும் இடங்கள் பல. ஆதலால் வீட்டில் படுத்து இளைப்பாறுவதில் இழப்பொன்றும் இல்லை. மாலையில் ஏழாம் செக்டார் மலை மந்திருக்குச் சென்று வரலாம். முருகனுக்குரிய செவ்வாயையும் கிருத்திகையையும் சஷ்டியையும்விடத் திங்கள் மாலையில் நின்று நிதானமாக வழிபட இயலும். 1973-இல் குடமுழுக்குக் கண்ட இக்கோயிலில் சுவாமிநாதன் சன்னிதி குன்றின்மேல் இருத்தலின், படியேற இயலாத முதியவர்க்கு முன்கூட்டியே அதைச் சொல்லி வைப்பது நலம்.

செவ்வாய் விடியலில் ஆர்.கே.புரம் மெட்ரோ நிலையத்தில் ஏறிக் கல்காஜி மந்திரில் ஊதா வழித்தடத்துக்கு மாறவேண்டும். அவ்வழியில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்க நிலையத்தில் இறங்கினால் உமாயூன் கல்லறைக்கு ஆட்டோவில் சிறிது தூரமே. 16-ஆம் நூற்றாண்டினதான இக்கல்லறையைத் தாஜ்மகாலுக்கு முன்பே காண்பது முறை. நான்கு பகுதியாக வகுத்த தோட்டமும் நடுவில் மேடைமேல் எழும் குவிமாடமும் இங்கே உருப்பெற்று, பின்னர் ஆக்ராவில் நிறைவு பெற்றன என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலனாகும். காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு அதே ஊதா வழித்தடத்தில் லால் கிலா நிலையத்தில் இறங்கலாம். 1639-இல் தொடங்கி 1648-இல் முடிந்த செங்கோட்டை எதிரிலேயே நிற்கும்.

புதன்கிழமை ஆக்ரா. அங்கே கதிரவன் எழுவதற்கு அரை மணி முன்னரே வாயில் திறக்கப்படுகிறது. பனி இல்லாத மாதத்தில் முந்திச் செல்வோர்க்கே அமைதி கிட்டும். மூடுபனிக் காலத்தில் இம்முறையை மாற்றி, வெயில் ஏறிய பின் செல்லவேண்டும். வியாழன் காலையில் குதுப்மினார். ஹாஸ் காஸில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினால் குதுப்மினார் நிலையத்தை அடையலாம். அன்றிரவே ஊர் திரும்பும் வண்டியைப் பிடிக்கவும் நேரம் இருக்கும்.

கூட்டத்தைத் தவிர்ப்பது வெறும் வசதிக்காக மட்டும் அன்று. 72.5 மீட்டர் உயரமுள்ள குதுப்மினாரினுள் 379 படிகள் உண்டு. அவற்றில் ஏற முன்னர் பொதுமக்களை விட்டிருந்தனர். 1981 டிசம்பர் 4-ஆம் நாள் உள்ளே விளக்கு அணைந்தது. குறுகிய படிக்கட்டின் இருளில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அன்றைக்குப் பின் படிக்கட்டு மூடப்பட்டது. அருகிலுள்ள இரும்புத் தூணை முதுகுப்புறமாகக் கைகளால் கட்டித் தழுவினால் நினைத்தது நடக்கும் என்று மக்கள் நம்பி வந்தனர். பல்லாயிரவர் கை பட்டுத் தேய்ந்த அத்தூணைக் காக்க 1997-இல் வேலி அமைத்தனர். மக்கள் திரள் மனிதரையும் வருத்தும், கல்லையும் இரும்பையும் வருத்தும். சிறுவரையும் முதியோரையும் உடன் கொண்டு செல்வோர் இதனை மறத்தல் ஆகாது.

இன்னும் ஒன்று. கூட்டமே இல்லாத தில்லியைக் காண விரும்புவோர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஆர்.கே.புரத்தின் ஐந்தாம் செக்டாரில் வஜீர்பூர் கும்பட் என்னும் கல்லறைத் தொகுதி இருக்கிறது. அதனருகே பழைய படிக்கிணறு ஒன்றும் உண்டு. மூன்றாம் செக்டாரில் பிஜ்ரீகான் கல்லறை நிற்கிறது. இவை 1526-இல் முடிவுற்ற லோடி அரசர் காலத்துக் கட்டடங்கள். தாஜ்மகாலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தவை. சீட்டு இல்லை, வரிசை இல்லை. காய்கறிப் பையுடன் நாள்தோறும் இவற்றைக் கடந்து செல்லும் நம்மிலும் நின்று பார்த்தவர் சிலரே. பாட்டனாரும் பேரனும் மாலை வெயிலில் சிறிது நேரம் அமர்ந்து பேச இதனினும் நல்ல இடம் கிடைப்பது அரிது. அங்கிருந்து, 1946-இல் நிறுவப்பெற்ற தில்லித் தமிழ்ச் சங்கத்துக்கும் அதே செக்டாரில் நடந்தே சென்று, நூலகத்தைக் காட்டி வரலாம். தம் மக்கள் தொலைவில் வந்தும் தமிழோடு வாழ்கின்றனர் என்னும் நிறைவு பெற்றோருக்கு எந்தக் கோட்டையும் தராத மகிழ்ச்சியைத் தரும்.

2024 நவம்பர் முதல் நாளிலிருந்து இரயில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள் முன்னரே தொடங்குகிறது. ஆகவே ஊருக்குப் பேசும்போதே கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். அப்போது, எத்தனை இடம் காட்ட முடியும் என்று கணக்கிடாது, எதைக் காண ஆசை என்று அவர்களையே கேளுங்கள். தந்தையார் செங்கோட்டைக் கொடியை விரும்பலாம். தாயார் யமுனையில் கால் நனைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். அந்த ஒன்றை நெரிசல் இல்லாத ஒரு காலை வேளையில், கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டினால், அவர்கள் தில்லியைக் கண்டவர்களே ஆவர்.